நேவி ப்ளூ கறுப்பாகத் தெரிந்த நாள்: ஸ்பெக்ட்ரத்தைத் திரை நிறமாக்கும் வழி

திருப்பூர் வீரபாண்டி பக்கம் ஒரு சாயப்பட்டறையில் லேப் என் பொறுப்பு. பையர் அனுப்பும் ஒரு அங்குலத் துணித்துண்டைப் பார்த்து அதே ஷேடில் லேப் டிப், அதாவது சாயம் போட்ட சின்ன மாதிரித் துண்டு, போட்டுக் கொடுப்பதுதான் வேலை. அதற்கு ஸ்பெக்ட்ரோ என்று நாங்கள் கூப்பிடும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்று இருக்கிறது. துணியை நான்காக மடித்து அதன் வாயில் வைத்து அமுக்கினால் 31 எண்கள் வரும். 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை, பத்துப் பத்தாக, ஒவ்வொரு அலைநீளத்திலும் விழுந்த வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைத் துணி திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு அது.

அந்த மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். மாஸ்டர் கீழே ஷெட்டில், நான் மேலே மாடியில். அவர் போனிலேயே ஷேடைப் பார்க்கட்டும் என்று நானே பைத்தானில் நாலு வரி எழுதினேன். 600-க்கு மேல் உள்ள எண்களின் சராசரி சிவப்பு, 500 முதல் 600 வரை பச்சை, அதற்குக் கீழே நீலம், எல்லாவற்றையும் 255-ஆல் பெருக்கு. முடிந்தது என்று நினைத்து ஒரு நேவி ப்ளூ ரீடிங்கை அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் மாஸ்டர் படியேறி வந்துவிட்டார்.

"ஏனுங் அம்மிணி, நேவி கேட்டாக் கறுப்பை அனுப்பியிருக்கறீங்க?"

போனை வாங்கிப் பார்த்தால் கறுப்பேதான். அந்த நாலு வரியில் இரண்டு தப்பு இருந்தது. ஒன்று, கண் இப்படி மூன்று டப்பாவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. இன்னொன்று, திரைக்குக் கொடுக்கும் எண் வெளிச்சத்தின் அளவு இல்லை. இரண்டையும் சரிசெய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். துணிக்கு மட்டும் இல்லை, எல்ஈடி, வானவில், கடையில் விற்கும் மலிவான ஸ்பெக்ட்ரோஸ்கோப் என்று எதற்கும் இதே வழிதான்.

முதலில் கண். நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. மூன்றின் எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். 1920-களில் இங்கிலாந்தில் ரைட் என்ற ஆய்வாளர் 10 பேரையும் கில்டு என்ற ஆய்வாளர் 7 பேரையும் உட்கார வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் ஒற்றை அலைநீள வெளிச்சம், மறு பக்கம் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மூன்று. குமிழைத் திருப்பி இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் ஆக்கவேண்டும். நம் லேப் டிப் வேலையேதான்! ஆனால் நீலப்பச்சை மாதிரி சில நிறங்களுக்கு எப்படித் திருப்பினாலும் மேட்ச் ஆகவில்லை. சிவப்பு விளக்கை எடுத்து எதிர்ப்பக்கத்தில், அதாவது ஸ்டாண்டர்டின் மேலேயே, அடித்தால்தான் சமமானது. கணக்கில் அது மைனஸ் சிவப்பு. இந்த மைனஸ் கடைசியில் நம் புரோகிராம் கோடிலும் வந்து நிற்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவுகளை வைத்து 1931-இல் சிஐஇ என்கிற சர்வதேச அமைப்பு மூன்று வளைகோடுகளை வெளியிட்டது. மைனஸ் வராதபடி கணக்கை மாற்றி அமைத்தார்கள். எக்ஸ்பார், ஒய்பார், இசட்பார் என்று பெயர். கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் தெரியும் அளவு, அதாவது பார்வையில் 2 டிகிரி கோணத்துக்கு, அது. 1964-இல் 10 டிகிரிக்கும் ஒன்று வந்தது. நீட்டிய கையில் மூடிய முட்டி அளவு. எங்கள் சாய லேப்களில் டி65/10 (டி65 என்ற ஸ்டாண்டர்ட் பகல் வெளிச்சம், 10 டிகிரி) என்று பேசுவது இதைத்தான். ஆனால் திரைக்குப் போகும் கணக்குக்கு 2 டிகிரியை எடுங்கள். காரணம் கீழே வரும்.

இந்த வளைகோடுகளின் முழு அட்டவணை சிஐஇ தளத்தில் கிடைக்கிறது. அது இல்லாமலேயே ஆரம்பிக்க ஒரு வழி இருக்கிறது. வைமன், ஸ்லோன், ஷர்லி என்ற மூவர் 2013-இல் இந்த வளைவுகளைச் சில மணி வடிவக் கோடுகளின் கூட்டலாக எழுதிக் காட்டினார்கள். மணி ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஒரு அகலம், வலப்பக்கம் ஒரு அகலம்.

பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். என் வேரியபிள்கள் எல்லாம் தமிழ்தான். புரிவதற்காகக் கட்டளைகளையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன், உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'அ' என்றால் அலைநீளம், நானோமீட்டரில்.

```
செயல் மணி(அ, நடு, இடம், வலம்):
    அ < நடு எனில்: அகலம் = இடம்
    இல்லையெனில்: அகலம் = வலம்
    த = (அ − நடு) / அகலம்
    திருப்பு எக்ஸ்ப்(−0.5 × த × த)

செயல் எக்ஸ்பார்(அ):
    திருப்பு 1.056 × மணி(அ, 599.8, 37.9, 31.0)
           + 0.362 × மணி(அ, 442.0, 16.0, 26.7)
           − 0.065 × மணி(அ, 501.1, 20.4, 26.2)

செயல் ஒய்பார்(அ):
    திருப்பு 0.821 × மணி(அ, 568.8, 46.9, 40.5)
           + 0.286 × மணி(அ, 530.9, 16.3, 31.1)

செயல் இசட்பார்(அ):
    திருப்பு 1.217 × மணி(அ, 437.0, 11.8, 36.0)
           + 0.681 × மணி(அ, 459.0, 26.0, 13.8)
```

எழுதியதும் 590-ஐக் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்பார் 1.021, ஒய்பார் 0.763 வரவேண்டும். அட்டவணையில் 1.0263, 0.7570 என்று இருக்கும். திரையில் பார்க்க இந்த நெருக்கம் போதும். இரண்டு ஷேடுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லும் டெல்டா ஈ எண்ணைப் போட்டு பாஸா ஃபெயிலா என்று முடிவு செய்யப்போகிறீர்கள் என்றால் அட்டவணையைத்தான் எடுக்கவேண்டும், சோம்பல் படாதீர்கள்.

அடுத்தது கூட்டல். துணிக்குத் தானாக நிறம் கிடையாது. எந்த விளக்கு, துணி எவ்வளவு திருப்புகிறது, கண் எவ்வளவு வாங்குகிறது, மூன்றையும் ஒவ்வொரு அலைநீளத்திலும் பெருக்கிக் கூட்டவேண்டும்.

```
செயல் துணி_நிறம்(துணி, விளக்கு):
    எக்ஸ் = 0, ஒய் = 0, இசட் = 0, மொத்தம் = 0
    அ = 400 முதல் 700 வரை, பத்துப் பத்தாக:
        வ = விளக்கு[அ] × துணி[அ]
        எக்ஸ் = எக்ஸ் + வ × எக்ஸ்பார்(அ)
        ஒய் = ஒய் + வ × ஒய்பார்(அ)
        இசட் = இசட் + வ × இசட்பார்(அ)
        மொத்தம் = மொத்தம் + விளக்கு[அ] × ஒய்பார்(அ)
    திருப்பு எக்ஸ்/மொத்தம், ஒய்/மொத்தம், இசட்/மொத்தம்
```

மெஷின் சதவீதத்தில் தரும், இங்கே 0 முதல் 1 வரை வேண்டும். நூறால் வகுக்க மறந்து அரை நாள் தொலைத்தேன். விளக்கின் இடத்தில் டி65 அட்டவணை, அதாவது நண்பகல் வெளிச்சத்துக்கு ஒத்த ஸ்டாண்டர்ட். 560-இல் 100 என்று வைத்து எழுதியிருப்பார்கள். 450-இல் 117.01, 600-இல் 90.01, 700-இல் 71.61 என்று இருந்தால் சரியான ஃபைல். எல்ஈடி, ஒற்றை அலைநீளம் போன்றவற்றுக்குத் துணியும் இல்லை, தனி விளக்கும் இல்லை. வருகிற வெளிச்சத்தையே நேராகப் பெருக்கிக் கூட்டினால் போதும்.

இப்போது எக்ஸ், ஒய், இசட் கையில். திரைக்குத் தெரிந்தது சிவப்பு, பச்சை, நீலம். எஸ்ஆர்ஜிபி என்ற ஸ்டாண்டர்ட் 1999-இல் வந்தது, இன்றைக்கும் வெப்பில் நிறம் என்றால் அதுதான்.

```
செயல் ஒளி_ஆர்ஜிபி(எக்ஸ், ஒய், இசட்):
    சி =  3.2406×எக்ஸ் − 1.5372×ஒய் − 0.4986×இசட்
    ப = −0.9689×எக்ஸ் + 1.8758×ஒய் + 0.0415×இசட்
    நீ =  0.0557×எக்ஸ் − 0.2040×ஒய் + 1.0570×இசட்
    திருப்பு சி, ப, நீ
```

இந்த ஒன்பது எண்களும் 2 டிகிரி டி65 வெள்ளைக்காகக் கணக்குப் போட்டவை. அந்த வெள்ளை 0.9505, 1, 1.0890. எங்கள் பழக்கத்தில் 10 டிகிரி எண்களை அப்படியே போட்டால் வெள்ளை 0.9481, 1, 1.0730 என்று வரும், நீலம் 0.983-க்கு இறங்கிவிடும். வெள்ளைத் துணியில் லேசாக மஞ்சள் ஏறினதுபோல் ஒரு சந்தேகம் வரும். ப்ளீச் பண்ணினவரைப் போய்த் திட்டுவதற்கு முன்னால் கோடைப் பாருங்கள்.

வந்திருக்கும் சி, ப, நீ மூன்றும் வெளிச்ச அளவுகள். திரை கேட்பது இவற்றை இல்லை. நேவி கறுப்பானது இங்கேதான். இருட்டுப் பக்கத்துச் சின்ன வித்தியாசத்தைக் கண் நன்றாகப் பிடிக்கும், பளிச்சென்ற பக்கத்தில் அவ்வளவு பிடிக்காது. அதனால் 0 முதல் 255 வரையுள்ள படிகளில் நிறையப் படிகளை இருட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இதைத்தான் காமா என்கிறார்கள்.

```
செயல் காமா(க):
    க ≤ 0.0031308 எனில்: திருப்பு 12.92 × க
    திருப்பு 1.055 × க^(1/2.4) − 0.055
```

அதன் பிறகுதான் 255-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கவேண்டும். என் நேவி சிவப்பில் சுமார் 3 சதவீதமும் நீலத்தில் 6 சதவீதமும் திருப்பியது. நேராகப் பெருக்கினால் 8-ம் 15-ம் கிடைக்கும். அது கறுப்பு. காமா வழியாகப் போனால் 48-ம் 69-ம். அது நேவி. அன்று சாயங்காலமே மாஸ்டர் போனுக்கு மறுபடி அனுப்பினேன். "இப்பத்தான் நேவியாட்ட இருக்குதுங்" என்று பதில் வந்தது.

காமா எப்போதும் கடைசி. நிறங்களைக் கலப்பது, சராசரி எடுப்பது, சின்னதாக்குவது எல்லாம் அதற்கு முன்னால் முடிந்திருக்கவேண்டும். மெலாஞ்ச் நூலுக்கு இது ரொம்ப முக்கியம். கறுப்பு நாரும் வெள்ளை நாரும் சரிபாதி என்றால் 0, 255 இரண்டுக்கும் நடுவே 128 என்று கை தானாகப் போடும். பாதி வெளிச்சத்துக்குத் திரை எண் 188. 128 என்று போட்டால் 22 சதவீதம்தான் வெளிச்சம், ஆந்த்ரா மெலாஞ்ச் என்கிற கருஞ்சாம்பல் மாதிரி இருண்டுபோய் நிற்கும்.

சரி, அந்த மைனஸ் விஷயத்துக்கு வருவோம். வீட்டில் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். உப்பில் இருக்கும் சோடியத்தின் வெளிச்சம் அது, 589.0, 589.6 என்று ஒட்டி ஒட்டி இரண்டு கோடுகள். கணக்குக்கு 590 என்றே வைத்து அட்டவணை எண்களை மேலே உள்ள ஒன்பது எண்களில் போட்டால் சிவப்பு 2.162, பச்சை 0.426, நீலம் மைனஸ் 0.096. மைனஸைச் சைபராக்கி, பெரிய எண்ணால் வகுத்து, காமா போட்டால் 255, 123, 0. திரையில் ஆரஞ்சு. அடுப்பில் பார்த்த மஞ்சள் எங்கே என்று குழம்பவேண்டாம். அடுப்பில் அது இருட்டில் பளீரென்று எரிகிறது, திரையில் வெள்ளைப் பக்கத்துக்கு நடுவே ஒரு கட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

500 நானோமீட்டரில் நிலைமை இன்னும் மோசம். பச்சை 0.612, நீலம் 0.222, சிவப்பு மைனஸ் 0.616. இருக்கிற பச்சை அளவுக்கு இல்லாத சிவப்பு! ரைட்டும் கில்டும் விளக்கை எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு போன அதே இடம்தான் இது. திரையில் இருப்பதும் மூன்று விளக்குகள், அவற்றில் எதையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைக்க முடியாது. ஒற்றை அலைநீள நிறம் எதையும் எஸ்ஆர்ஜிபி அப்படியே காட்டாது. வலையில் பார்க்கும் வானவில் படங்கள் எல்லாமே ஏதோ ஒரு சமரசம். எந்தச் சமரசம் என்பதுதான் கேள்வி.

மைனஸை வெட்டிச் சைபராக்குவது சுலபம். 500-க்கு 0, 255, 162 வரும். ஆனால் வெட்டும்போது நிறம் பச்சைப் பக்கம் சாய்கிறது, வெளிச்சமும் கூடிவிடுகிறது. எங்கள் பாஷையில் டோன் மாறிவிட்டது. நான் செய்வது வேறு. அதே ஒய் அளவுள்ள சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மைனஸ் சரியாகச் சைபரைத் தொடும் இடத்தில் நிறுத்திவிடுவேன்.

```
செயல் அடக்கு(சி, ப, நீ, ஒய்):
    கு = சி, ப, நீ மூன்றில் சிறியது
    கு < 0 எனில்:
        த = ஒய் / (ஒய் − கு)
        சி = ஒய் + த × (சி − ஒய்)
        ப = ஒய் + த × (ப − ஒய்)
        நீ = ஒய் + த × (நீ − ஒய்)
    திருப்பு சி, ப, நீ
```

இப்படி அடக்கிப் பெரிய எண்ணால் வகுத்தால் 500-க்கு 0, 255, 215. ஷேடு டல்லாகும், டோன் அவ்வளவாக ஓடாது. சாயக்காரருக்கு டல்லானதை மன்னிக்க மனசு வரும், டோன் ஓடினதை வராது. துணிக்குப் பெரிய எண்ணால் வகுக்கும் வேலை வேண்டாம், டார்க் ஷேடு எல்லாம் லைட் ஷேடாகிவிடும். 1-க்கு மேலே போனால் மட்டும் இதே மாதிரி சாம்பல் பக்கம் இழுத்து 1-இல் நிறுத்துங்கள். வானவில் பட்டை வரையும்போது இன்னொன்று: ஒவ்வொரு அலைநீளத்தையும் அதனதன் பெரிய எண்ணால் வகுத்தால் 400-ம் 700-ம் 550 அளவுக்குப் பளிச்சென்று வந்து நிற்கும். பட்டை முழுவதற்கும் ஒரே எண்ணால் வகுத்தால் ஓரங்கள் தானாக மங்கி அடங்கும்.

எல்லாவற்றையும் கோர்த்ததும் மூன்று பரீட்சை வையுங்கள். 31 இடத்திலும் 1 கொடுத்து டி65 போட்டால் 255, 255, 255-ஐ ஒட்டி வரவேண்டும். மணிக் கோடுகளில் கொஞ்சம் முன்னே பின்னே போகும். எல்லா இடத்திலும் 0.18 கொடுத்தால் மூன்றும் 118 பக்கம். 0.5 கொடுத்தால் 188. இதில் எது தவறினாலும் மேலே போகாதீர்கள்.

விளக்கை மாற்றும் விளையாட்டுக்காகவே இத்தனையும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றும். லைட் பாக்ஸில் டி65 சுவிட்சைப் போட்டால் பையர் துண்டும் என் லேப் டிப்பும் ஒன்றுபோல் இருக்கும், டிஎல்84 சுவிட்சைப் போட்டால் ஒன்று சிவந்துபோகும். கடை டியூப்லைட்டான டிஎல்84-இன் வெளிச்சம் பெரும்பாலும் மூன்று முட்டுகளாகத்தான் இருக்கும், 436, 546, 611 அக்கம்பக்கத்தில். இரண்டு துணியின் வளைகோடுகள் அந்த மூன்று இடத்தில் பிரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கோடில் செய்யவேண்டியது விளக்கு அட்டவணையை மாற்றுவது மட்டும். டிஎல்84-க்கு நெருக்கமாகச் சிஐஇ எஃப்11 என்ற அட்டவணை இருக்கிறது. இந்த மாதிரி முட்டு விளக்குக்குப் பத்து நானோமீட்டர் இடைவெளி ரொம்பப் பெரிது, 5 அல்லது 1-க்கு இறக்கி, துணி எண்களை நடுவில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

குண்டு பல்பு வெளிச்சம், ஸ்டாண்டர்ட் ஏ என்பது, 2856 கெல்வின். அதைப் போட்டவுடன் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அதன் வெள்ளை 1.0985, 1, 0.3558. இங்கே மட்டும் பெரிய எண்ணால் வகுத்து நேராகத் திரைக்கு அனுப்பினால் வெள்ளை பனியன் 255, 178, 100, நல்ல ஆரஞ்சு. கணக்கில் தப்பு இல்லை. குண்டு பல்பின் கீழே நம் கண் பழகிக்கொண்டு வெள்ளையை வெள்ளையாகவே பார்க்கும், கோடு பழகவில்லை. அதைப் பழக்கப் பிராட்ஃபோர்டு மாற்றம் என்று ஒன்று உண்டு. எக்ஸ், ஒய், இசட்டை முதலில் 0.8951, 0.2664, −0.1614; −0.7502, 1.7135, 0.0367; 0.0389, −0.0685, 1.0296 என்ற மூன்று வரிசையால் பெருக்குங்கள். இரண்டு வெள்ளைகளையும் அதேபோல் பெருக்கி, டி65 வெள்ளையை விளக்கின் வெள்ளையால் வகுத்த விகிதத்தை ஒவ்வொன்றிலும் ஏற்றுங்கள். பிறகு அந்த வரிசைகளின் தலைகீழ் அணியால் திரும்பி வாருங்கள். 10 டிகிரி எண்கள்தான் கையில் இருக்கிறது என்றாலும் இதே மருந்துதான்.

வெள்ளைத் துணி பற்றி ஒரு வார்த்தை. திருப்பூர் வெள்ளை என்றால் பெரும்பாலும் பிரைட்னர் போட்ட வெள்ளை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கி நீலமாகக் கக்கும் ரசாயனம் அது. அதனால் 440 பக்கம் ரீடிங் நூறு சதவீதத்தைத் தாண்டும். மெஷின் கெட்டுவிட்டது என்று முதல் தடவை நான் காலிப்ரேஷன் ஓட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் நீலம் ஸ்பெக்ட்ரோவின் விளக்கில் எவ்வளவு புற ஊதா இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டி65-இல் அளந்ததை வைத்து குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் பொய்தான் வரும்.

மஞ்சள் நனைத்த நூலையும் ஒருநாள் வைத்துப் பார்த்தேன், எங்கள் ஊர் ஈரோட்டுப் பக்கம், வீட்டில் மஞ்சளுக்குப் பஞ்சமா. குர்க்குமின் 425 பக்கத்து வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். வளைகோடு நீலத்தில் தரையோடு கிடந்து, 500 தாண்டியதும் சுவர்போல் ஏறியது. திரையில் சைபருக்குப் பக்கத்தில் நீலம், பளிச்சென்ற மஞ்சள். பால்கனி வெயிலில் இரண்டு நாள் கிடந்த அதே நூலை மறுபடி அளந்தால் அந்தத் தரை மேலே எழும்பியிருந்தது.

இப்போது தினமும் ஓடுகிற கோடில் 'அடக்கு' வேலை செய்த ஷேடுகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். டர்க்காய்ஸ் கொஞ்சம் ஆழமாகப் போனாலே விழுந்துவிடுகிறது, சிவப்பு மைனஸுக்குப் போவதால். ஒருமுறை மயில்கழுத்துக் கலரில் ஒரு லாட். நான் அனுப்பிய படத்தைப் பார்த்த பையர், துணி வந்ததும் இது படத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறதே என்று மெயில் போட்டார். மாஸ்டர் கோபமாக வந்தார்.

"கம்மியா இருந்தாத் திட்டுவாங்க. தூக்கலா இருந்தாலுமாங் அம்மிணி?"

"திரையில அந்தக் கலரே இல்லீங்ணா. நம்ம துணியிலதான் இருக்குது."

அதிலிருந்து நட்சத்திரம் விழுந்த ஷேடுக்கு மட்டும் படம் போவதில்லை. இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, கார்டில் ஸ்டேப்ளர் அடித்து, கூரியரில் போட்டுவிடுகிறேன்.